சிந்திக்கத் தடையில்லாச் சான்று

சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே ஆய்வுப் பட்டத்துக்குப் படிக்க ஆசைப்படுகிறவருக்கு இந்த நாட்டில் மூளை இருக்கிறதா என்று யாரும் முதலில் கேட்பதில்லை. மேலதிகாரி இருக்கிறாரா என்றுதான் கேட்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகள் பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு வழிவிட்டிருக்கின்றன. நல்ல காரியம். கூடவே, வேலை கொடுத்தவரிடமிருந்து ஒரு தடையில்லாச் சான்று கொண்டுவரச் சொல்கின்றன. இவர் பகுதிநேரமாகப் படிக்க எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, இவருடைய அலுவல் ஆய்வுக்குப் போதிய நேரம் தருகிறது, தேவைப்பட்டால் வகுப்புக்கு விடுவிப்போம் என்று மேலதிகாரி எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் இந்தக் கையெழுத்துக்கு அலைந்தார். ஊர்ப் பெயர் வேண்டாம். அவர் இன்றும் அங்கேதான் யூரியா மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார். கும்பப்பூ அறுப்பு முடிந்து கடன் வசூல் மும்முரமாக இருந்த நேரம். அதிகாரி தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“ஆராய்ச்சி பண்ண உமக்கு நேரம் இருக்குன்னு நான் எழுதித் தந்தா, சங்கத்துல உமக்குச் சோலி இல்லன்னு ஆடிட்டர் எழுதுவாரு. பிறவு அந்தப் போஸ்டே போயிரும். யோசிச்சுக்கிடும் வே.”

யோசிக்கத்தான் ஐயா அனுமதி கேட்கிறார். கடைசியில் “பணிச்சுமை மிகுதியாக உள்ளது, ஆயினும் ஆய்வுக்குப் போதிய நேரமும் உள்ளது” என்று எழுதிக் கொடுத்தார். முரணியக்கத்தை இவ்வளவு சுருக்கமாக ஹெகல்கூடச் சொன்னதில்லை. கீழே சங்கத்தின் ரப்பர் முத்திரை வேறு.

அடுத்து வழிகாட்டி. பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு மாணவர்கள் என்று விதி எண்ணி வைத்திருக்கிறது. கல்யாணப் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருப்பவர் முதுகுக்குப் பின்னால் இலைக்குக் காத்து நிற்பதுபோல, யாராவது முடித்து எழுந்திருப்பார்களா என்று செயலாளரும் நின்றார். இடம் கிடைத்தது. தலைப்பைச் சொன்னபோதுதான் வம்பு வந்தது.

அவருடைய தலைப்பு 1859. அந்த ஆண்டு லண்டனில் ஜான் ஸ்டூவர்ட் மில் சுதந்திரத்தைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அதே ஆண்டு ஜூலையில், சாணார் (இன்றைய நாடார்) பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போல அணியக் கூடாது என்று திருவிதாங்கூர் மகாராஜா ஓர் ஆணை பிறப்பித்தார். பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு செய்திகள். ஆனால் மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தவர். அதில் பெரும்பகுதி, இந்தியச் சமஸ்தானங்கள் தொடர்பான கடிதங்களுக்கு வரைவு எழுதுவதுதான் அவர் வேலை. அவரும் பகுதிநேரச் சிந்தனையாளர்தான் என்பது இருக்கட்டும். அந்த நூலின் தொடக்கத்திலேயே, இந்தச் சுதந்திரக் கொள்கை பின்தங்கிய நிலையிலுள்ள சமூகங்களுக்குப் பொருந்தாது என்று விலக்கு வைத்துவிட்டார்.

அந்த விலக்குக்கு உட்பட்ட மண்ணில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? 1858 நவம்பரில் விக்டோரியா மகாராணி, சமயத்தில் தலையிட மாட்டோம் என்று பிரகடனம் செய்தார். இங்கிருந்த மேல்சாதிக்காரர்கள் அதைத் தங்களுக்குக் கிடைத்த உரிமைப் பட்டயமாக எடுத்துக்கொண்டு, டிசம்பரிலும் ஜனவரியிலும் சந்தையில் பெண்களின் ரவிக்கையைக் கிழித்தார்கள். தோள்சீலைக் கலகம் என்று அதற்குப் பெயர். ஜெபவீடுகள் எரிந்தன. திவான் மாதவராவ் ஒரு பக்கம், லண்டன் மிஷன் பாதிரிமார் ஒரு பக்கம், சென்னையில் கவர்னராக வந்து உட்கார்ந்த மெக்காலேயின் மைத்துனர் டிரெவெல்யன் ஒரு பக்கம். அதற்கும் முன்னால் 1830-களிலேயே சாமித்தோப்பில் அய்யாவழியைத் தொடங்கிய ஐயா வைகுண்டர், தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து கும்பிடுங்கள் என்று ஆண்களுக்குச் சொல்லி, அரசனையும் வெள்ளைக்காரனையும் ஒரே மூச்சில் நீசர் பட்டியலில் சேர்த்து, திருவனந்தபுரம் சிறைக்கும் போய்வந்துவிட்டார். மனிதன் தன் உடம்புக்குத் தானே அதிகாரி என்ற எண்ணம் லண்டன் அச்சகத்திலிருந்து புறப்பட்டு இங்கே வந்ததா, இல்லை சாமித்தோப்பு மணலிலேயே முளைத்ததா? செயலாளரின் கேள்வி இவ்வளவுதான். உலகத்தின் எந்தச் சிந்தனை வரலாற்றுத் துறையும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிக் கேட்கும் கேள்வி.

தலைப்பை ஏற்கவேண்டிய ஆய்வுக் குழுவில் நான்கு பேர். ஒருவர் கைப்பேசியில் மகளின் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் பேசிக்கொண்டிருந்தார். மூத்தவர் சுருக்கத்தைப் புரட்டினார்.

“மில்லுன்னா எந்த மில்லு? ஆரல்வாய்மொழி நூல் மில்லா?”

செயலாளர் விளக்கினார்.

“லண்டன்காரன் சோலி உமக்கு எதுக்கு வே? நீரு கூட்டுறவுச் சங்கம். ஹிஸ்டரி டிப்பார்ட்மென்ட். மில்லு பிலாசபி. தோள்சீலை சோசியாலஜி. அய்யாவழி ரிலிஜன். எந்த ரேக்குல வைக்க?”

இதில் மூடத்தனம் மட்டும் இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இதற்குள் ஒரு நிர்வாக ஞானம் இருக்கிறது. தலைப்பு ரேக்கில் அடங்கினால்தான் ஆய்வேடு ரேக்கில் அடங்கும். ஒருவன் இரண்டு ரேக்குகளுக்கு நடுவே கையை விட்டால் அங்கே என்ன செத்துக் கிடக்கிறது என்பது வெளியே தெரிந்துவிடும்.

அந்த ரேக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ‘கன்னியாகுமரி மாவட்டத்தில்’ என்று தொடங்கி ‘ஓர் ஆய்வு’ என்று முடியும் தலைப்புகள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் பனைத்தொழிலோ, பாதிரியாரோ, பேரூராட்சியோ, எது இருந்தாலும் முதல் இயல் ஒன்றுதான்: மாவட்டத்தின் எல்லைகள், மழை, மண்வகை, பரப்பளவு. பரப்பளவு சில ஏடுகளில் 1,672 சதுர கிலோமீட்டர், சிலவற்றில் 1,684. பன்னிரண்டு சதுர கிலோமீட்டர் நிலம் ஏட்டுக்கு ஏடு காணாமல் போய்த் திரும்பி வருகிறது. எந்த வழிகாட்டியும் தேடியதில்லை. இரண்டாம் இயலில் சங்ககாலம். பேரூராட்சியின் குடிநீர் வரியைப் பற்றிய ஆய்வாக இருந்தாலும் ஆய் அண்டிரனைப் பார்க்காமல் போக முடியாது. கடைசியில் பரிந்துரைகள்: அரசு கவனம் செலுத்த வேண்டும்.

சாதியைப் பற்றி இந்த ஏடுகள் பேசாது. அவற்றை அடுக்கிவைத்தாலே போதும், சாதி பேசும். வெள்ளாளர் வெள்ளாளரின் கொடையை எழுதியிருப்பார். நாடார் நாடாரின் எழுச்சியை எழுதியிருப்பார். சபைக்காரர் சபையின் தொண்டை எழுதியிருப்பார், அதிலும் எந்தச் சபை என்பது முக்கியம். கடற்கரை மீனவரைப் பற்றி இன்னொரு மீனவர் வந்துதான் எழுத வேண்டும். அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் ஓலைகளில் மனிதர்களை விலைக்கு விற்ற ஆவணங்கள் கிடக்கின்றன; அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்துக் கையில் கொடுத்துவிட்டார். வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் பகுதிநேரமாகப் படிக்கிறார்கள். ஒருவருடைய ஏட்டில் மற்றவர் அடிக்குறிப்பாகக்கூட வரமாட்டார். இதற்குப் பெயர் சமூக நல்லிணக்கமாம்.

வாய்மொழித் தேர்வு நாளைப் பார்க்க வேண்டும். வெளியூர்த் தேர்வாளர் முந்தின நாள் ராத்திரியே வந்து லாட்ஜில் இறங்குவார். மறுநாள் காலை மேசையில் ஏடு ஒரு பக்கம், முந்திரிக்கொத்துப் பொட்டலமும் நேந்திரங்காய் சிப்ஸும் மறுபக்கம். ஏட்டைவிடச் சிப்ஸ் பொட்டலத்தைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பார், தேதி சரியா என்று. இரண்டு கேள்வி. இரண்டுமே தலைப்பிலேயே விடை உள்ளவை. பிறகு பொன்னாடை, குழுப்படம், சாப்பாடு. மாணவியின் அப்பா, வாழ்நாள் முழுக்கப் பனையேறியோ மரச்சீனி நட்டோ படிக்கவைத்தவர், புதுச் சட்டையோடு கடைசி வரிசையில் ஒண்டி உட்கார்ந்திருப்பார். தம் மகளுக்கு மரியாதை நடக்கிறது என்று நம்புகிறார். இந்த நாடகத்தில் ஏமாறுகிறவர் அவர் ஒருவர்தான். எனக்கு ஆத்திரம் வருவதும் அவரைப் பார்க்கும்போதுதான்.

ஒரு காலத்தில் பகுதிநேரமாகப் படிக்கப் பெருங்கூட்டம் இருந்தது. பள்ளி ஆசிரியர்கள் எம்.ஏ.வுக்கும் எம்.ஃபில்.லுக்கும் அலைமோதினார்கள். அறிவுத் தாகம் என்று வெளியூர்க்காரர்கள் வியந்தார்கள். கூடுதல் பட்டத்துக்கு அரசு ஊக்க ஊதிய உயர்வு கொடுத்தது, 2020 மார்ச்சில் ஒரே அரசாணையில் அதை நிறுத்தியது, தாகமும் நின்றது. எம்.ஃபில். பட்டமே இனி இல்லை என்று 2022 விதி சொன்னபோது ஒரு கண்ணீர்க் கூட்டம்கூட நடக்கவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? படித்தால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு அரசுக்குத் தெரிந்த ஒரே விடை இன்கிரிமென்ட்.

அரசுக்கு மேலே இருப்பவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. 2016 விதிப்படி, ஏடு சமர்ப்பிக்குமுன் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டியிருந்தது. எந்த இதழ் என்று மானியக் குழுவே ஒரு பட்டியல் வெளியிட்டது. 2018 மே மாதம் அந்தப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களைத் தானே தூக்கி எறிந்தது. அதற்குள் அவற்றில் பணம் கட்டிக் கட்டுரை போட்டு எத்தனை பேர் டாக்டராகிவிட்டார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. பட்டத்தை யார் திருப்பிக் கேட்பது? கேட்க வேண்டிய நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ!

நேர்மையாகவே ஆராயப் புறப்படுகிறவனின் பாடு தனி. 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூரில், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. எனவே முக்கியமான கோப்புகள் திருவனந்தபுரத்தில் இருக்கின்றன. பாதி மலையாளம், பாதி இங்கிலீஷ். தேதியெல்லாம் கொல்லம் ஆண்டு. காலைப் பாசஞ்சரில் போய்விடலாம்தான். பகுதிநேரக்காரனுக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. ஆவணக் காப்பகத்துக்கும் விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் பிர்க்பெக் என்றொரு கல்லூரி 1823-இல் தொடங்கியது. பகலில் உழைப்பவர்களுக்கு மாலையில் பாடம் சொல்வதே அதன் வேலை. அந்த ஊரில் குயின் மேரியும் யூசிஎல்லும் சேர்ந்து அரசியல் சிந்தனை வரலாற்றுக்கென்றே முதுகலை நடத்தியிருக்கின்றன, வேலைக்குப் போகிறவர் இரண்டு ஆண்டில் முடிக்கலாம். இங்கே மாலையில் திறந்திருக்கும் ஒரே உயர்கல்வி நிறுவனம் வடசேரிப் பேருந்து நிலையம். அங்கே பாடம் நடத்த வேண்டிய கௌரவ விரிவுரையாளர் வள்ளியூர் பஸ்ஸுக்கு நிற்கிறார். மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று 2019-இல் மானியக் குழு சொன்னது. தமிழ்நாட்டில் நெடுநாள் அதில் பாதிகூட வரவில்லை. கௌரவம் மட்டும் முழுசாகக் கொடுத்தார்கள்.

இதெல்லாம் கலிகாலக் கோளாறு, அந்தக் காலத்தில் இங்கே பெரிய கல்விச்சாலை இருந்தது என்று மேடைக்கு மேடை ஒருவர் எழுந்து சொல்வார். இருந்தது, மறுக்கவில்லை. கி.பி. 866-ஐ ஒட்டி ஆய் மன்னன் கருநந்தடக்கன், முன்சிறைச் சபையாரிடம் நிலத்தை மாற்றி வாங்கி, பார்த்திவசேகரபுரத்தில் பெருமாள் கோயிலும் 95 மாணவருக்கு ஒரு சாலையும் வைத்தான். செப்பேட்டில் விதிகள் உண்டு. வாய்க்கு வந்தபடி திட்டினால் தண்டம். கூட்டத்துக்கு ஆயுதம் கொண்டுவரக் கூடாது. பணிப்பெண்களை வைத்துக்கொள்ளக் கூடாது. விதி இருக்கிறதென்றால் வழக்கமும் இருந்தது என்றுதானே அர்த்தம்? சேருவதற்கு இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும், மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். 95 இடமும் வேதக் கிளைவாரியாகப் பிராமணப் பிள்ளைகளுக்கு. நிலத்தை உழுதவன் பிள்ளைக்கு அந்தச் சாலையில் வாசலைக் கூட்டக்கூட இடம் இருந்திருக்குமா என்பது சந்தேகம். அன்றைக்கு யார் உள்ளே வரலாம் என்பதைச் செப்பேட்டில் வெட்டி எல்லோருக்கும் தெரியும்படி வைத்தார்கள். இன்றைக்கு எல்லோரும் உள்ளே வரலாம்; உள்ளே வந்தபின் எதையும் கேட்கக் கூடாது என்பது எந்தத் தகட்டிலும் எழுதப்படவில்லை.

இந்த மாவட்டத்தின் கல்லூரிகளுக்கு மேலே இருக்கும் பல்கலைக்கழகம் மனோன்மணீயம் சுந்தரனார் பெயரைத் தாங்கியது. அவர் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். பகலில் தத்துவம் நடத்திவிட்டு, மிச்ச நேரத்தில் கல்வெட்டுப் படித்தார், சம்பந்தர் காலத்தை ஆராய்ந்தார், வேணாட்டு அரசர் வரிசையைச் சரிசெய்தார், நாடகமும் எழுதினார். 42 வயதுக்குள் இவ்வளவும். இன்று நம் குழுமுன் வந்தால், முதுகலைப் பாடமும் ஆய்வுப் பாடமும் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் வந்திருந்தால் இன்னும் வேடிக்கை. வள்ளலார் பாட்டு அருட்பாவா மருட்பாவா என்று சைவர்கள் கோர்ட்டுவரை போய் அடித்துக்கொண்டபோது, அருட்பாவே என்று மேடை ஏறி வாதாடிய முஸ்லிம் அவர். இன்று எந்த ரேக்? கவிமணி பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துகொண்டுதான் கல்வெட்டுகளைத் தேடி அலைந்தார், காந்தளூர்ச்சாலை பற்றி நூல் எழுதினார். சுந்தர ராமசாமி ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து இந்த ஊரின் கால்நூற்றாண்டு விவாதங்களை நடத்தினார். தடையில்லாச் சான்றுக்கு அவருக்குச் சிரமமில்லை, முதலாளி அவரேதான். ஆனால் குழு பட்டச் சான்றிதழ் கேட்டிருக்கும், அங்கே மாட்டியிருப்பார்.

அந்தச் சுந்தரனார் பெயர் கொண்ட பல்கலைக்கழகம், எம்.ஏ. ஆங்கிலப் பாடத்தில் 2017 முதல் இருந்த, மாவோயிஸ்டுகளைப் பற்றிய அருந்ததி ராயின் புத்தகத்தை 2020 நவம்பரில் எடுத்தது. ஒரு மாணவர் அமைப்பு ஆட்சேபித்தது, உடனே நடந்தது. அதன் இடத்தில் மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள் வந்தன. கிருஷ்ணன் அருமையான எழுத்தாளர், அவருக்கு இப்படி ஒரு அவமானம் வேண்டியதில்லை. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் மனிதர்களைப் பற்றி முதுகலை மாணவன் படிக்கக் கூடாது. அதே காட்டில் யானையைப் பற்றிப் படிக்கலாம். யானை மனுக் கொடுக்காது. அந்தப் புத்தகம் தவறென்றால், தவறு என்று வகுப்பில் வாதாடத்தான் முதுகலை. எடுத்துவிட்டால் வாதாடுவதற்கு வாத்தியாரும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம்.

முதுகலையை விடுங்கள், ஒன்பதாம் வகுப்புக்கே வருவோம். மத்தியப் பாடத்திட்டத்து வரலாற்று நூலில் ஆடையின் சமூக வரலாறு என்று ஓர் அத்தியாயம் இருந்தது. அதில் நம் ஊர்த் தோள்சீலைக் கலகம் இருந்தது. தில்லியிலும் போபாலிலும் உள்ள பிள்ளை திருவிதாங்கூர்ச் சந்தையில் என்ன நடந்தது என்று படித்தது. அந்தப் பகுதி நாடார்களை வந்தேறிகள்போலச் சித்திரிக்கிறது என்று தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. 2012-இல் முதலமைச்சரே பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வழக்கும் போனது. எழுதியது பிழையென்றால் திருத்தியிருக்கலாம். ஒரு பத்தியை மாற்றி எழுத எவ்வளவு நேரமாகும்? 2016 டிசம்பரில், இனி இதிலிருந்து கேள்வி வராது என்று சிபிஎஸ்இ சொல்லிவிட்டது. 2019-இல் அத்தியாயத்தையே என்சிஇஆர்டி எடுத்துவிட்டது. காரணம், பாடச்சுமைக் குறைப்பு. அன்றைக்கு ரவிக்கையைக் கிழித்தவன் வீட்டுப் பேரனுக்கும் அதை மறந்தால் நல்லது. கிழிபட்டவள் வீட்டுப் பேரனுக்கும் அதை நினைக்கக் கூச்சம். நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு இந்த இரண்டு பேருக்கும் ஒரே விஷயத்தில் ஒற்றுமை வந்தது, அதுவும் அந்தப் பெண்ணைப் புத்தகத்திலிருந்து இறக்கிவிடுவதில்.

2023 மார்ச் 6-ஆம் தேதி நாகர்கோவில் நாகராஜா திடலில் தோள்சீலைப் போராட்டத்தின் 200-ஆம் ஆண்டு விழா. தமிழ்நாட்டு முதலமைச்சரும் கேரள முதலமைச்சரும் ஒரே மேடையில். நல்ல கூட்டம். இரண்டு மாநிலமும் ஒரு மேடையில் ஏற முடிந்தது, மெச்ச வேண்டியதுதான். அதே இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே ஒரு கூட்டுறவுச் சங்கச் செயலாளர், கோப்பு ஒரு தலைநகரிலும் பட்டம் இன்னொரு மாநிலத்திலுமாக, கையில் ஒரு சுருக்கத்தோடு நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு நகைக்கடன் புதுப்பிப்பு; விழாவுக்கு வர முடியவில்லை.

அண்மையில் அவர் தலைப்பை மாற்றிவிட்டார். ‘கன்னியாகுமரி மாவட்டத்தில் பாடச்சுமைக் குறைப்பு – ஓர் ஆய்வு’. குழு ஒரே அமர்வில் ஏற்றுக்கொண்டது. மூத்தவர் எழுந்து கைகொடுத்து, “இதுதான்டே சமுதாயத்துக்குப் பிரயோஜனப்படுத தலைப்பு. சுமை எங்கெங்க குறைஞ்சிருக்குன்னு அட்டவணை போட்டிரும்” என்றார். போட்டுக்கொண்டிருக்கிறார். முதல் இயல் எழுதியாகிவிட்டது, பரப்பளவு 1,672 என்றே வைத்திருக்கிறார். இரண்டாம் இயலில் 1859 வருகிறது. வழிகாட்டி இன்னும் அதுவரை படிக்கவில்லை.